கிணற்றில் குதிக்க அமெரிக்கா போன கதை

"ஏன்டா, கெணத்துல குதிக்கறதுக்கு அமெரிக்கா போகோணுமா?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. லேப்டாப்பில் நான் காட்டிக்கொண்டிருந்த படம் அப்படியே எங்கள் கோபிசெட்டிப்பாளையத்துத் தோட்டத்துக் கிணறு மாதிரிதான் இருந்தது. வட்டமான பாறைக் குழி, இறங்கப் படிக்கட்டு, அடியில் நீலமாகத் தண்ணீர். மோட்டார் ரூமும் வேப்பமரமும்தான் இல்லை.

ஜனவரியில் ஃபுளோரிடா போய் நன்னீர் ஊற்றுகளில் ஸ்கூபா டைவ் செய்துவிட்டு பெங்களூர் திரும்பியதிலிருந்து ஆபீஸில் மூன்று பேர், அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் இரண்டு பேர், "எந்த ஊற்றுக்குப் போகலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி ஓய்ந்துவிட்டேன். இனிமேல் யார் கேட்டாலும் இந்தப் பதிவின் லிங்க்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் பெரிய ஆள் கிடையாது. முருடேஷ்வர் பக்கம் நேத்ராணித் தீவில் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கியவன், அதாவது 18 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்ற முதல்படி. அதற்கப்புறம் ஒரு முறை அந்தமான், இரண்டு முறை பாண்டிச்சேரி. மொத்தம் முப்பது டைவ் சொச்சம்தான் இருக்கும். இங்கே எழுதுவதெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு, கைதேர்ந்தவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

கடலை விட்டு ஏன் ஊற்றுக்குப் போக வேண்டும்? நேத்ராணிக்கு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போய் இறங்கி, காற்று சரியில்லை என்று படகை நிறுத்தி, ஒரு தோசையைத் தின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. படகு போன நாட்களில் நான் வாந்தி எடுத்தேன், அது வேறு. ஊற்றில் அலை கிடையாது, படகு தேவையில்லை, காரை நிறுத்திவிட்டுச் சிலிண்டரை முதுகில் மாட்டி நடந்து இறங்கலாம். வடக்கு, மத்திய ஃபுளோரிடாவில் பெரும்பாலான ஊற்றுகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஏறக்குறைய 20லிருந்து 22 டிகிரிக்குள்தான் இருக்கும், வெளியே வெயில் கொளுத்தினாலும் பனி கொட்டினாலும். பூமிக்கடியில் இருந்து வருவதால் அப்படி. அந்த மாநிலத்தின் அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, கல்லை ஆயிரக்கணக்கான வருஷமாகக் கரைத்துக் கரைத்துக் குகைகளாக்கியிருக்கிறது, அந்தக் குகைகள் வழியாகத்தான் தண்ணீர் ஊற்றுக்கண் திறந்து மேலே வருகிறது. அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள் அங்கே இருக்கின்றன.

அதில் முதல் தர ஊற்று என்றால் நொடிக்கு 100 கன அடிக்குக் குறையாமல் தண்ணீர் வர வேண்டும். நான் இருப்பது எச்எஸ்ஆர் லேஅவுட், 2024 கோடையில் டேங்கர்காரரைக் கெஞ்சியவன், அதனால் மனசு தானாகவே கணக்குப் போட்டது. நொடிக்கு 2,800 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்று நிரம்ப நாலரை நொடி கூட ஆகாது. இங்கே ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதி வந்த கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. (அங்கேயும் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். கிஸ்ஸென்ஜென் என்ற ஊற்று, ஒரு காலத்தில் ஊரே குளித்துக் கூத்தடித்த இடம், பூமித் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி 1950லேயே நின்றுபோனது. மற்ற ஊற்றுகளிலும் உரத்திலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டால் பாசி ஏறிக்கொண்டிருக்கிறது.)

சரி, தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். என் கூட வந்தவன் ஆபீஸ் நண்பன், பாலக்காட்டுத் தமிழன், என் அளவுக்கே அனுபவம், என்னைவிட மூன்று மடங்கு தைரியம். இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பத்து ஊற்றுகளுக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். எல்லாமே இருட்டுக் குகையில் ஒற்றை டார்ச் வெளிச்சம் பாயும் படங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தால் பாதி தானாகவே விழுந்துவிட்டது. வகுல்லா உலகப் புகழ் பெற்ற ஊற்று, ஆனால் அது மாநிலப் பூங்கா, பொதுமக்கள் அங்கே நீந்தலாம், ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை. உள்ளே மைல் கணக்கில் போய் வரைபடம் போடுபவர்கள் தனி அனுமதி பெற்ற ஆய்வுக் குழுவினர். பீக்காக் ஸ்பிரிங்ஸ் பெரும்பாலும் குகை டைவர்களின் ராஜ்ஜியம். இப்படியே போய்ப் பட்டியலில் நாலைந்துதான் மிஞ்சின.

மிஞ்சியதில் எதை எடுப்பது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: தலைக்கு மேலே வானம் இருக்கிறதா? கடலில் ஏதாவது தப்பாகிவிட்டால் கடைசியில் மேலே போகலாம், மெதுவாக, மூச்சை விட்டுக்கொண்டே. ஊற்றின் வாய்க்குள் நுழைந்துவிட்டால் மேலே பாறை. வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். டைவர்கள் இதைக் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள், வாசலின் பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி கேவர்ன், அது மறைந்த பிறகு வருவது கேவ். கேவர்னுக்கே தனிப் பயிற்சி உண்டு. கேவ் என்றால் அது வேறு உலகம், இரட்டைச் சிலிண்டர், மூன்று டார்ச், வாசலில் இருந்து அறுபடாமல் கட்டிக்கொண்டு போகும் கயிறு. ஆச்சரியம் என்னவென்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் படுதெளிவு, கண்ணாடி மாதிரி, அதுதான் ஆளை ஏமாற்றுவதே. தரையில் மாவு மாதிரி வண்டல் படிந்திருக்கும். காலில் மாட்டியிருக்கும் துடுப்பை, அதாவது ஃபின்னை, ஒரு முறை தப்பாக உதைத்தால் போதும், அரை நிமிஷத்தில் கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. எந்தப் பக்கம் வாசல்?

ஷெக் எக்ஸ்லி என்று ஒருவர், ஃபுளோரிடாவின் குகை டைவர்களில் முன்னோடி. செத்துப்போனவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி 1979-ல் எழுதிவைத்தார். திரும்பத் திரும்ப அதே காரணங்கள்: வாசலில் இருந்து கயிறு கட்டாதது, காற்றில் மூன்றில் ஒரு பங்கைப் போகவும் ஒரு பங்கைத் திரும்பவும் ஒரு பங்கை ஆபத்துக்கும் என்று பிரிக்காதது, அளவுக்கு மீறி ஆழம் போனது. இன்றைக்கும் குகைப் பயிற்சியில் அவர் சொன்னதுதான் அடிப்படை. அவரே 1994-ல் மெக்சிகோவில் ஸக்காத்தோன் என்ற பாதாளக் குழியில் இறங்கி உயிரோடு திரும்பவில்லை. இதை நண்பனுக்கு அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை.

கின்னி ஸ்பிரிங்ஸில்தான் எங்களுக்குள் நேரடிச் சண்டை வந்தது. ஹை ஸ்பிரிங்ஸ் என்ற ஊர்ப் பக்கம், சாண்டா ஃபே ஆற்றங்கரையில் உள்ள தனியார் இடம் அது. ஒரே வளாகத்தில் பல ஊற்றுகள். அதில் கின்னி ஊற்றின் அடியில் பால்ரூம் என்ற ஒரு கேவர்ன் இருக்கிறது, கிட்டத்தட்ட 15 மீட்டர் ஆழம். உள்ளே குகை தொடங்கும் இடத்தில் இரும்புக் கம்பி வலை அடித்து மூடியிருக்கிறார்கள், யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதனால் அங்கே எங்களைப் போன்ற சாதா டைவர்களும் டார்ச் கொண்டு போகலாம். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் மார்பில் மோதித் தள்ளும் பாருங்கள், காவேரி வாய்க்காலில் மதகைத் திறந்துவிட்ட மாதிரி. பத்து நிமிஷம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

அதே வளாகத்தில் கொஞ்சம் தள்ளி டெவில்ஸ் ஐ, டெவில்ஸ் இயர் என்று பிசாசின் கண்ணும் காதும் இருக்கின்றன. (நம் மொழியில் ஊற்றுக்கு ஏற்கனவே கண் உண்டு, காதுதான் புதுசு.) அங்கே கம்பி வலை இல்லை, பின்னால் நிஜமான குகை கிடக்கிறது. சாதா டைவர்கள் இறங்கிப் பார்க்கலாம், ஆனால் டார்ச் கொண்டு போகக் கூடாது. கையில் வெளிச்சம் இருந்தால் கால் தானாக உள்ளே போகும், வெளிச்சம் இல்லாவிட்டால் இருட்டே உன்னைத் தடுத்துவிடும், அவ்வளவுதான் காரணம். நான் படித்த பாதுகாப்பு விதிகளிலேயே மனுஷ சுபாவத்தை இந்த அளவுக்குப் புரிந்துகொண்ட விதி வேறில்லை. நண்பனுக்கு அது அவமானமாகத் தோன்றியது. "மச்சி, சின்னதா ஒண்ணு பிசிடி பாக்கெட்ல வச்சுக்கலாம், யாரு செக் பண்ணப்போறா?" என்றான். (பிசிடி என்றால் சிலிண்டரை மாட்டும் மிதவை ஜாக்கெட்.) வைத்தால் நான் இறங்க மாட்டேன் என்றேன். கார் பார்க்கிங்கில், ஈர வெட்சூட்டில் (குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடை), குளிரில் நடுங்கிக்கொண்டு இருபது நிமிஷம். கடைசியில் டார்ச்சை டிக்கியில் போட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

குகை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அரிவாள் ஏந்திய எலும்புக்கூடு படம், இதற்கு மேல் போகாதே, பயிற்சியாளர்களே செத்திருக்கிறார்கள், செத்துப்போகும் அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்கிற மாதிரி வாசகம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்து மாஸ்க்கில் தண்ணீர் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் சைடு போர் போட்ட பொந்துகள் இருக்கும், அந்தக் கிணற்றில் முனி இருக்கிறது, மத்தியானத்தில் காலைப் பிடித்து இழுக்கும் என்று தாத்தா சொல்லிவைத்திருந்தார். பன்னிரண்டு வயசு வரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதே முனிதான் இங்கே பலகையில் நிற்கிறார், இங்கிலீஷில்.

டெவில்ஸ் இயரில் குகைக்குள் எதுவும் பார்க்காமலேயே எனக்கு டிக்கெட் காசு வசூலாகிவிட்டது. ஆற்றோரத்தில் இருக்கிற பள்ளம் அது. சாண்டா ஃபே ஆறு காட்டு இலைதழைச் சாறு ஊறிப் பழுப்பாக ஓடும், ஃபில்டர் காபி டிக்காஷன் நிறம். அடியிலிருந்து பீறிடும் ஊற்று நீரோ பளிங்கு. கீழே இறங்கி மல்லாந்து பார்த்தால், தெளிந்த தண்ணீருக்கு மேலே டிக்காஷன் ஒரு கூரை மாதிரி ஓடுகிறது, அதன் வழியாக வெயில் தேன் நிறத்தில் இறங்குகிறது. நண்பனும் பார்த்தான், மேலே வந்ததும் அவனேதான் முதலில் பேசினான்.

இதில் இன்னொரு கவனம் வேண்டும். பெருமழைக்கோ புயலுக்கோ பிறகு ஆறு ஏறிவிட்டால் அந்த டிக்காஷன் ஊற்றுக்குள்ளேயே புகுந்துவிடும், தெளிவு போய்விடும். அதனால் ஆற்றோர ஊற்றுகளுக்குப் போவதற்கு முந்தின நாள் அங்கே போன் போட்டு ஆற்று மட்டம் எப்படி என்று கேளுங்கள்.

ஆற்றோடு சம்பந்தமில்லாத இரண்டு, வில்லிஸ்டன் என்ற சின்ன ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அம்மா கிணறு என்று சொன்னது அதில் ஒன்று, டெவில்ஸ் டென். பாறைக் கூரை இடிந்து விழுந்து மேலே ஓட்டை, உள்ளே இறங்கினால் குளம், ஆழம் 16 மீட்டர் சொச்சம். குளிர்காலக் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரின் ஆவி அந்த ஓட்டை வழியாகப் புகையாக எழும்பும், அதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்து ஆட்கள் பிசாசின் குகை என்று பெயர் வைத்தார்களாம். நாங்கள் போனது ஜனவரி காலை ஏழரை மணி, நிஜமாகவே வெந்நீர் அடுப்பு மாதிரிப் புகைந்தது. பனியுக விலங்குகளின் எலும்புகளை இதன் அடியில் இருந்து எடுத்திருக்கிறார்கள். அழகான இடம்தான், ஆனால் சின்னது, மூச்சுக்குழாயோடு மேலாக மிதக்கும் ஸ்நார்க்கெல் கூட்டமும் சேர்ந்துகொண்டால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிடும். காலையில் முதல் ஆளாகப் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

இன்னொன்று ப்ளூ க்ரோட்டோ, 30 மீட்டர் வரை சரிந்து இறங்குகிற பெரிய கேவர்ன், பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருக்கிறது. ஒன்பது மீட்டர் ஆழத்தில் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு தொட்டி, அதற்குள் மேலேயிருந்து நல்ல காற்று அனுப்புகிறார்கள். தலையை உள்ளே விட்டு, வாயில் கடித்து மூச்சுவிடும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, தண்ணீருக்கடியில் நின்றபடி நண்பனோடு தமிழில் பேசினேன். என்ன பேசினோம்? மதியச் சாப்பாடு பற்றித்தான்.

என் மானம் போன இடமும் இதுதான். கடல்நீரைவிட நன்னீருக்கு அடர்த்தி இரண்டரை சதவீதம் குறைவு, அதனால் ஆளைத் தூக்கிப் பிடிக்கும் சக்தியும் குறைவு. ஆளும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால் மூழ்குவதற்காகக் கடலில் இடுப்பில் கட்டும் ஈயத்தில் சுமார் இரண்டரைக் கிலோவைக் கழித்துவிட வேண்டும். இதெல்லாம் பாடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதியது. அங்கே போய் வாடகை வெட்சூட் தடிமனாக இருக்கிறதே என்று நானே ஒரு கணக்குப் போட்டு நேத்ராணி எடையையே கட்டிக்கொண்டு இறங்கினேன். உளுந்து மூட்டை மாதிரிப் போய் அடியில் உட்கார்ந்தேன். எழுந்த வண்டலில் பின்னால் வந்த நாலு பேருக்குக் கண் தெரியவில்லை. வெளியே வந்தபோது வயசான அமெரிக்கர் ஒருவர் கோபப்படாமல் என் பெல்ட்டில் இருந்து இரண்டு ஈயத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் நாள், முதல் டைவுக்கு முன்னால், கரையோரம் இடுப்பளவு தண்ணீரிலேயே எடையைச் சரிபார்த்துவிடுங்கள்.

குளிர் பற்றியும் சொல்ல வேண்டும். 22 டிகிரி என்றதும் ஏசி ரூம் என்று நினைப்போம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சும். 5 மில்லிமீட்டர் வெட்சூட்டும் தலைக்கு ஒரு குல்லாவும் இல்லாமல் இரண்டாவது டைவ் பற்றி யோசிக்காதீர்கள். முதல் டைவில் நன்றாகத்தான் இருக்கும், இரண்டாவதில் இருபதாவது நிமிஷம் பல் ரெகுலேட்டரைக் கடித்துத் தாளம் போடும்.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், குகையே இல்லாத ரெயின்போ ஆறு. முதல் தர ஊற்றுகளில் இருந்து பிறந்து ஒன்பது கிலோமீட்டர் மட்டுமே ஓடி இன்னொரு ஆற்றில் கலந்துவிடுகிற ஆறு. ஓட்டம் தானாகக் கொண்டுபோகும், நாம் சும்மா கிடந்தால் போதும். புல்வெளி மாதிரி நீர்ச்செடி, நடுவே உலை கொதிப்பது போல வெள்ளை மணல் குமுறும் ஊற்றுக்கண்கள், ஆமை, மீன். படகுகள் போகும் இடம் என்பதால் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட டைவ் கொடியை மிதக்கவிட்டுக் கூடவே இழுத்துப் போக வேண்டும், ஆற்றில் கொடியில் இருந்து 100 அடிக்குள் இருக்க முயல வேண்டும் என்பது அங்கே சட்டம். நண்பன் இதைக் குழந்தைகள் பூங்கா என்றான். இருக்கட்டும், தலைக்கு மேலே முழுசாக வானம் இருந்தது.

கடைசி நாளைக் கிரிஸ்டல் ரிவரில் மானட்டீ என்ற பெரிய நீர்விலங்கைப் பார்க்க வைத்துக்கொண்டோம். குளிர்காலத்தில் கடல் குளிர்ந்துவிட்டால் அவை ஊற்றின் வெதுவெதுப்பைத் தேடி உள்ளே வந்துவிடும். நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்குச் சொந்தக்கார ஜீவன். 2022-ல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரில் ஆவுளியாவுக்குக் காப்பகம் அறிவித்ததே, அதே சாடை மூஞ்சி. த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றில் ஸ்கூபா கூடாது, ஸ்நார்க்கெல் மட்டும்தான், தொடக் கூடாது, துரத்தக் கூடாது. அதைக் கடைசி நாளாக வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, பல நாள் டைவ் செய்துவிட்டு விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாம்பாவில் தங்கச்சி வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுத் தூங்கியே அந்த நேரத்தைக் கழித்தோம்.

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பற்றியும் கேட்டார்கள். பனியாற்று நீர், 100 மீட்டர் தூரம் கூடத் தெரியுமாம், ஆனால் இரண்டிலிருந்து நாலு டிகிரி, உடம்பில் தண்ணீரே படாத டிரைசூட் போட்டுப் பழகியிருக்க வேண்டும். நான் போகவில்லை, போகும் எண்ணமும் இல்லை.

திரும்பி வந்து டிவியில் வீடியோவைப் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். டெவில்ஸ் டென்னில் நான் இறங்குவது, தேன் நிற வெயில், கம்பி வலையில் தொங்குவது, எல்லாம் பார்த்தார். சின்ன வயசில் சுரைப்புருடை கட்டி எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். கிணற்றின் அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு கை சேறு அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும், அதுதான் எங்கள் ஊர் சான்றிதழ்.

"அடி மண்ணு எடுத்துட்டு வந்தயா?"

"இல்லம்மா, அங்க மண்ணைத் தொடவே கூடாது. கலங்கிரும்."

"அப்ப நீ அடி வரைக்கும் போனன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு, டேங்கர் ஹாரன் கேட்கிறது, சம்ப் மூடியைத் திறந்துவிடு என்றார்.